பைப் பிடிக்கும் மூத்தவர்களுக்கு



இது ஒரு முறையீடு. பைப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டு உங்களிடம் வருகிற புதியவனிடம் நீங்கள் பேசும் பேச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஆள் யாரென்று உங்களுக்கே தெரியும். முப்பதை ஒட்டிய வயது. வெளிநாட்டு வேலைக்குப் போனபோது ஆசைப்பட்டு ஒரு பைப் வாங்கி வந்திருப்பான், அல்லது தாத்தாவின் மேசை இழுப்பறையில் கிடைத்த சுங்கானைத் துடைத்து வைத்திருப்பான். ஷெர்லக் ஹோம்ஸ் படித்திருப்பான். ஐன்ஸ்டைன் பைப்போடு இருக்கும் படம் பார்த்திருப்பான். உங்கள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சார், எந்தப் புகையிலையில ஆரம்பிக்கலாம்?" என்று கேட்பான்.

உடனே ஆளுக்கொரு டின்னின் பெயரைச் சொல்கிறீர்கள். ஒருவர் டென்மார்க் சரக்கு என்பார். இன்னொருவர் இங்கிலாந்தின் கெண்டல் ஊர் ஃப்ளேக்கைத் தவிர மற்றதெல்லாம் குப்பை என்பார். மூன்றாமவர் பெருமூச்சு விட்டு, "பால்கன் சொப்ரானி பழைய டின் கெடச்சா பாரு தம்பி" என்பார். கிடைக்காத டின்னைப் புகழ்வதில் நமக்கு ஒரு தனி சுகம் இருக்கிறது. புதியவன் ஐந்தாறு பெயர்களைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போகிறான். எவனிடமோ சொல்லி, கொள்ளை விலை கொடுத்து ஒன்றை வரவழைக்கிறான். பற்ற வைத்த பத்தாவது நிமிடம் நாக்கு வெந்துவிடுகிறது. பைப் கிண்ணத்தின் அடியில் கொளகொளவென்று தண்ணீர். புகையிலை சரியில்லை என்று முடிவு கட்டி அடுத்த பெயருக்குப் போகிறான். அந்த டின்னும் இதையேதான் செய்யும்.

காபிக் கடையில் பொடி வாங்குகிற எந்த வீட்டாரும் பெயர்ப்பலகையைக் கேட்டு வாங்குவதில்லை. பீபரி இவ்வளவு, பிளான்டேஷன் ஏ இவ்வளவு, சிக்கரி இத்தனை சதவீதம் என்று சொல்லி அரைக்கச் சொல்கிறார்கள். கொட்டை என்ன, வறுப்பு என்ன என்பது தெரிந்தால் டம்ளரில் என்ன வரும் என்பதும் தெரியும். பைப் புகையிலையும் அப்படிக் கலந்த சரக்குதான். ஆனால் அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் இலையை விட்டுவிட்டு டின்னின் மூடியில் இருக்கும் படத்தைப் பேசுகிறோம்.

ஆகவே முதலில் இலையைச் சொல்லுங்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

வர்ஜீனியா. கொட்டகைக்குள் இரும்புக் குழாய் வழியே சூட்டைச் செலுத்தி, சில நாட்களில் இலையை மஞ்சளாக்கி உலர்த்துவது. இந்த முறை பரவியதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1839இல், அமெரிக்காவின் வட கரோலினாவில், கேஸ்வெல் மாவட்டத்து ஸ்லேட் குடும்பத்தின் பண்ணையில் ஸ்டீஃபன் என்ற அடிமை இலைக் கொட்டகைக்குக் காவல் இருந்தார். இரவில் கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது நெருப்பு அணையும் நிலையில் இருந்தது. பட்டறையிலிருந்து கரியை அள்ளி வந்து கொட்டினார். திடீரென எழுந்த சூட்டில் இலை தங்க நிறத்துக்கு மாறியது. அந்த நிறத்துக்குச் சந்தையில் கிடைத்த விலை ஸ்லேட் குடும்பத்துக்குப் போனது. ஸ்டீஃபன் என்ற முதற்பெயர் மட்டும் மிஞ்சியது. நம் பக்கத்தில் ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் வட்டாரங்களிலும் இந்த இலையைத்தான் சூட்டுக் கொட்டகையில் பதப்படுத்துகிறார்கள். சூடு சட்டென ஏறுவதால் இலையில் உள்ள சர்க்கரை அப்படியே நின்றுவிடுகிறது. வர்ஜீனியாவில் வைக்கோல் வாசனையும் இனிப்பும் வருவது அதனால்தான். வேகமாக இழுத்தால் நாக்கைப் பொசுக்குவதும் அதே சர்க்கரைதான்.

பர்லி இதற்கு நேர் எதிர். காற்றோட்டமான கொட்டகையில் வாரக்கணக்கில் தொங்கி நிதானமாகக் காய்வது. காய்கிற காலத்தில் இலை தன் சர்க்கரையைத் தானே தின்று தீர்த்துவிடும். கொட்டைப் பருப்பு மாதிரி ஒரு வறண்ட சுவை இருக்கும். ஊற்றும் பாகையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். நிகோடினும் கூடுதல்.

துருக்கி, கிரீஸ், மாசிடோனியா பக்கத்து ஓரியண்டல் சின்னஞ்சிறு இலை. வெயிலில் காய்வது. புளிப்பும் மணமும் கலந்து, ஓரத்தில் நின்று வேலை செய்யும்.

மற்ற இரண்டும் மசாலா வகை. ஒன்று லட்டாக்கியா. சிரியாவின் துறைமுகத்தின் பெயர் அது. வெயிலில் காய்ந்த இலையை மூடிய கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டு, மணமுள்ள கட்டையும் புதரும் எரித்த புகையை வாரக்கணக்கில் ஊட்டினால் கறுத்துப்போகும். சிரியாவில் இது குறைந்த பிறகு சைப்ரஸ் இலை அந்த இடத்தைப் பிடித்தது. அடுப்பங்கரைப் புகை ஏறிய தோல்பையின் வாடை அடிக்கும். சிலருக்கு அது அமிர்தம். வீட்டில் உள்ள மற்ற எல்லோருக்கும் தலைவலி. இன்னொன்று பெரிக். லூசியானாவில் செயின்ட் ஜேம்ஸ் என்ற ஒரே வட்டாரத்துச் சரக்கு. விஸ்கிப் பீப்பாயில் இலையை அடைத்து, திருகு வைத்து அழுத்தி, தன் சாற்றிலேயே ஊறிப் புளிக்க விடுவார்கள். அவ்வப்போது வெளியே எடுத்துக் காற்றாட விட்டு மறுபடி அழுத்துவார்கள். ஓராண்டு, அதற்கும் மேல் ஆகும். மிளகும் உலர்ந்த திராட்சையும் கலந்த மாதிரி இருக்கும். கலவையில் சிட்டிகை அளவு போதும்.

கேவண்டிஷ் என்று ஒரு இலை இருப்பதாகப் புதியவன் நினைத்துக்கொண்டிருப்பான். அது இலை இல்லை, நீராவியும் அழுத்தமும் இனிப்பும் கொடுத்து இலையை மென்மையாக்கும் பக்குவம் என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு தெரிந்தால் டின்னின் பின்பக்கத்தை அவனே படித்துக்கொள்வான். வர்ஜீனியாவும் பெரிக்கும் என்று போட்டிருந்தால் இனிப்பும் காரமும். வர்ஜீனியா, ஓரியண்டல், லட்டாக்கியா மூன்றும் இருந்தால் இங்கிலீஷ் மிக்ஸர். பர்லியோடு கறுப்புக் கேவண்டிஷ் என்றால் வெனிலா, செர்ரி என்று ஏதோ வாசனை ஏற்றியிருப்பார்கள்.

குன்னூரில் ஓய்வுபெற்ற தோட்ட மேலாளர் ஒருவர் இதை அழகாகச் செய்வார். புதிதாக யார் வந்தாலும் டின்களை உள்ளே எடுத்து வைத்துவிடுவார். நான்கு சின்ன ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரும். ஒவ்வொன்றிலும் கலக்காத தனி இலை. ஒரு சோளத்தண்டு பைப்பில் பாதிக் கிண்ணம் மட்டும் நிரப்பிக் கொடுப்பார். ஒரு நாளைக்கு ஓர் இலைதான். "பிடிச்சுதா?" என்று கேட்க மாட்டார், "எங்க தெரிஞ்சுது, நாக்கு நுனியிலயா, தொண்டையிலயா, மூக்குலயா?" என்று கேட்பார். நான்கு நாள் கழித்து வந்தவனையே கலக்கச் சொல்வார். லண்டன் டியூக் ஸ்ட்ரீட்டில் 1907இல் கடை திறந்த ஆல்ஃப்ரெட் டன்ஹில் செய்ததும் ஏறக்குறைய இதுதான். வாடிக்கையாளர் கேட்கும் விகிதத்தில் இலையைக் கலந்து, அந்த விகிதத்தைப் பேரேட்டில் எண் போட்டு எழுதி வைத்தார். பிறகு உலகம் முழுக்க டின்னில் போன 965 அப்படி ஒரு பேரேட்டு எண்தான். நாம் மந்திர எண் மாதிரி உச்சரிக்கிறோம்; யாரோ ஒருவர் தன் நாக்குக்குச் சொல்லிக் கலந்துகொண்ட சரக்கு அது.

அடுத்து, "வாசனைப் புகையிலையில ஆரம்பி, லேசா இருக்கும்" என்கிற அறிவுரை. இதை நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள். ஆனாலும் நிறுத்திவிடுங்கள். பாக்கெட்டைத் திறந்தால் கேக் கடை வாசனை வரும், உண்மை. பற்ற வைத்தால் அந்த வாசனை அறையில் இருப்பவர்களுக்குத்தான் போகும்; பிடிப்பவனின் வாயில் பெரும்பாலும் சூடான ஆவிதான் இருக்கும். பாகு ஊறிய இலை, அது காயாமல் இருக்க ப்ரொப்பலீன் கிளைக்கால், அதற்கு மேல் ஈரம். எரிய மறுக்கும். எரிய வைக்க அவன் வேகமாக இழுப்பான். இழுக்க இழுக்கக் கிண்ணம் சுடும், நீராவி கூடும், நாக்கு போகும். லேசான சரக்கு என்று நீங்கள் கொடுத்தது, பிடிக்கப் பழகியவனுக்கே சவாலான சரக்கு. பாகு ஏறாத பர்லியோ, சாதாரண வர்ஜீனியாவோ கொஞ்சம் உலர வைத்துக் கொடுத்தால் எவ்வளவோ தேவலை.

உலர வைப்பதைப் பற்றி நீங்கள் யாருமே வாய் திறப்பதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். கைப்பழக்கமாகச் செய்துவிடுவதால் சொல்லத் தோன்றுவதில்லை போலும். டின்னில் வருகிற இலை பெரும்பாலும் தேவைக்கு மேல் ஈரம். ஒரு தாளில் பரப்பி, விசிறிக்கு நேராக இல்லாமல், சிறிது நேரம் விட வேண்டும். இரண்டு விரலால் கிள்ளி அழுத்தினால் கட்டியாக நிற்கக் கூடாது. பொடியாகவும் உதிரக் கூடாது. அழுத்தம் விட்டதும் மெல்லப் பிரிய வேண்டும். நம் கடலோர ஊர்களின் மழைக்காலத்தில் இது இன்னும் இழுக்கும். ஹோம்ஸுக்கே இது தெரிந்திருக்கிறது. முந்தின நாள் கிண்ணங்களில் மிஞ்சிய புகையிலைத் துணுக்குகளையெல்லாம் கணப்படுப்பு மாடத்தின் ஓரத்தில் உலர்த்தி, காலைச் சாப்பாட்டுக்கு முன் பிடிப்பார். (அதே ஹோம்ஸ் 1887இல் வந்த முதல் கதையிலேயே சாம்பலைப் பார்த்து, இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். உறையூர்க்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் படங்களில் அவர் வாயில் தொங்கும் அந்தப் பெரிய வளைந்த சுரைக்காய் பைப் கதைகளில் எங்கும் இல்லை.)

நிரப்புவது, பற்ற வைப்பது எல்லாம் கையால் காட்ட வேண்டியவை. அடியில் தளர்வாக, மேலே போகப் போக இறுக்கமாக. முதல் தீ மேற்பரப்பைக் கருக்கத்தான். இலை புடைத்து எழும், மெல்ல அமுக்கிவிட்டு இரண்டாம் தீ. இடையில் அணைந்தால் மறுபடி பற்ற வைக்கலாம், அதில் ஒரு கேவலமும் இல்லை என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். "நான் ஒரே தீக்குச்சியில ஒரு மணி நேரம் பிடிப்பேன்" என்று நீங்கள் அளக்கும் கதையால்தான் பையன் அணையக் கூடாதே என்று பதறிப் பதறி இழுக்கிறான்.

பைப்புக்கு அதிகம் செலவழிக்க விடாதீர்கள். பிரையர் கட்டை அருமையானதுதான். மத்தியதரைக் கடலோரப் புதர் ஒன்றின் வேர்முடிச்சு அது. பல பத்தாண்டு வளர்ந்ததைத் தோண்டி, வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திக் கடைகிறார்கள். மலிவான பிரையர் என்றால் ஓட்டைகளை அடைத்துப் பூசியதாக இருக்கும். நல்லது என்றால் அவன் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு. சோளத்தண்டு போதும். மிசூரியின் வாஷிங்டன் என்ற ஊரில், ஹாலந்திலிருந்து குடியேறிய ஹென்றி டிபி என்ற மரக்கடைசல்காரர் 1869இல் தொடங்கிய தொழில் இன்றும் நடக்கிறது. சோளத்தண்டை உலர்த்தி, கடைந்து, வெளிப்பக்கத் துளைகளைச் சாந்தால் அடைத்தால் பைப். விலை குறைவு, பழக்க வேண்டியதில்லை, ஈரத்தை உறிஞ்சும். அமெரிக்க ஜெனரல் மக்கார்தர் வாயில் இருந்ததும் இந்தச் சாதிதான். புதியவனுக்குப் பைப் பிடிக்கவே பிடிக்காமல் போனாலும் பெரிய நஷ்டம் இருக்காது.

பிடிக்காமல் போவது என்று சொன்னேன் அல்லவா? எனக்கு உங்கள் மேல் உண்மையான வருத்தம் இருக்கும் இடம் அதுதான்.

"இதுல என்ன தம்பி, உள்ள இழுக்கறதே இல்லையே. சிகரெட் மாதிரி இல்ல" என்கிறீர்கள். கொஞ்சம் படித்தவராக இருந்தால் 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கையைக் காட்டுவீர்கள். பைப் பிடிப்போரின் இறப்பு விகிதம் பிடிக்காதவரைவிட அப்படியொன்றும் அதிகமில்லை என்று அதில் இருக்கிறது. ஆமாம், இருக்கிறது. அதே அறிக்கையில், பைப் பிடிப்பது உதட்டுப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது நிறுவப்பட்டதாகத் தெரிகிறது என்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் மேற்கோள் காட்டி நான் கேட்டதில்லை. சோம்மரிங் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1795லேயே பைப் பிடிப்பவர்களின் கீழுதட்டில் வரும் புற்றைக் குறித்து எழுதியிருக்கிறார். ஆக, விஷயம் புதிதுமல்ல.

அறுபது ஆண்டுக்கு முந்தைய கணக்கோடு பேச்சை நிறுத்தவும் கூடாது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1982இல் தொடங்கிய பெரும் ஆய்வில், பைப் மட்டுமே பிடித்த ஆண்களைத் தனியே எடுத்துப் பார்த்து 2004இல் முடிவு வெளியிட்டார்கள். நுரையீரல், வாய்-தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள், இதய நோய், பக்கவாதம், நாள்பட்ட மூச்சடைப்பு எல்லாவற்றிலும் சாவு, புகையிலையே தொடாதவர்களைவிடக் கூடுதல். சிகரெட்டைவிடப் பொதுவாகக் குறைவுதான். ஒன்றுமில்லை என்பதற்கும் குறைவு என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் "உள்ள இழுக்கறதில்லையே" என்ற ஒரு வார்த்தையால் தாண்டிவிடுகிறீர்கள்.

உள்ளே இழுக்காவிட்டால் நிகோடின் ஏறாது என்பதும் சரியில்லை. காற்றில் காய்ந்த இலையின் புகை காரத்தன்மை உள்ளது. அதில் உள்ள நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். சூட்டில் காய்ந்த வர்ஜீனியாவின் புகை அமிலம் சார்ந்தது. அதில் இந்த வேலை மந்தம். வாய் வழியே நிகோடின் ஏறுவதால்தான் வெறும் வயிற்றில், கயிறாகத் திரித்த கெண்டல் புகையிலையைப் பிடித்த பையன் வியர்த்து, விக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். அதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். பழக்கம் பிடிக்கிற வழியும் அதே வழிதான். "நான் நெனச்சா விட்டுடுவேன்" என்று உங்களில் எத்தனை பேர் எத்தனை ஆண்டுகளாகச் சொல்கிறீர்கள் என்பதை உங்கள் வீட்டம்மாவிடம் கேட்டால் தெரியும்.

பைப் தரும் தோற்றத்தையும் பாருங்கள். ஹெரால்ட் வில்சன் பிரிட்டிஷ் பிரதமராக இருந்தபோது காமிரா முன்னால் பைப், தனிமையில் சுருட்டு. 1965இல் அந்த ஆண்டின் பைப் மனிதர் என்ற விருதுகூட அவருக்குக் கொடுத்தார்கள். நிதானமான, நம்பத்தக்க ஆள் என்ற தோற்றம் பைப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. நாமும் அதில் குளிர் காய்கிறவர்கள்தான். புதியவன் முதலில் மயங்குவதும் அந்தத் தோற்றத்தில்தான். புகையிலை பிறகுதான் வருகிறது. அவன் அந்த மயக்கத்தில் இருக்கும்போது நாம் பாதிக் கணக்கை மட்டும் படித்துக்காட்டுவது நியாயமாகப் படவில்லை.

நான் பிடிப்பதை விடவில்லை. உங்களை விடச் சொல்லவும் எழுதவில்லை. எனக்கு இலையின் மேல் ஈர்ப்பு இருக்கிறது. பீப்பாயில் ஓராண்டு புளித்த இலையின் வாசனை இன்னும் அலுக்கவில்லை. ஆனால் கேட்டு வருகிறவனிடம் சொல்ல வேண்டிய வரிசை ஒன்று உண்டு. முதலில் 1964இன் இரண்டு பக்கங்களும், 2004உம். பதினெட்டு வயது நிரம்பாதவன் என்றால் பேச்சே வேண்டாம். ஏற்கெனவே பழக்கம் இல்லாதவன், கேட்டுவிட்டு "வேண்டாம் சார்" என்று எழுந்தால் சந்தோஷமாக அனுப்பிவையுங்கள். அவனை மறுபடி உட்கார வைக்கும்படியான எந்தக் கதையும் நம்மிடம் இல்லை. எல்லாம் கேட்டும் இருந்துவிடுகிறவன் முன்னால் டின்னை நீட்டாமல் தனி இலையை வையுங்கள். உலர்த்தக் கற்றுக்கொடுங்கள். லட்டாக்கியாவுக்கு அவசரமில்லை.

இப்படிக்கு,
உங்கள் வட்டத்தில் வயதில் இளையவன்

பி.கு.: பழைய பைப் ஒன்றைத் தாராள மனதோடு புதியவனுக்குக் கொடுக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் அதில் எத்தனை ஆண்டு என்ன பிடித்தீர்கள் என்று பாருங்கள். லட்டாக்கியாவோ, கெண்டல் பக்கத்துப் பூவாசனைச் சரக்கோ ஓடிய கிண்ணம் என்றால், உள்சுவரின் கரியைச் சுரண்டி எடுத்தாலும் அந்த வாடை போகாது. அதில் அவன் வர்ஜீனியாவைப் போட்டால் அவனுக்குத் தெரியப்போவது வர்ஜீனியா அல்ல, உங்கள் புகையிலைதான். வாய்ப்பகுதியை மாற்றாமல் கொடுக்கவே வேண்டாம்.